வைரம் பாய்ந்த மரத்துக்கு எத்தனை பல் பிளேடு?

"அண்ணே, வேங்கைப் பலகை அறுக்கணும். ஓரம் சுத்தமா வரணும். எந்த பிளேடு போடலாம்?"

"எம்பது பல்லு எடுத்துனு போப்பா. பல்லு ஜாஸ்தி இருந்தா அறுப்பு சுத்தமா வரும்."

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை என்று எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பலகையைக் குறுக்கே துண்டு போடப் போகிறவருக்கு 80 பல் நன்றாகவே உழைக்கும். அதையே நெடுக்கில் கிழித்துச் சட்டமாக்கப் போகிறவருக்கோ, அதே பிளேடு ஓரத்தைக் கரித்து, மோட்டாரைத் திணற வைத்து, மரத்தைத் தள்ளும் கையையும் சோர வைத்துவிடும். நார் ஓடும் திசையிலேயே அறுக்கப் போகிறோமா, நாரை வெட்டிக்கொண்டு அறுக்கப் போகிறோமா? பிளேடு வாங்கப் போகிறவர் முதலில் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல் கணக்கு அதற்குப் பிறகுதான்.

இங்கே ஒப்பிடுவது, எஃகை விடக் கடினமான கார்பைட் பல் ஒட்டிய வட்ட பிளேடுகளை. கடையில் டி.சி.டி. என்று கேட்டால் தருவது இவற்றைத்தான். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவெல்லாம் டேபிள் சாவில் (மேசைக்கு அடியிலிருந்து பிளேடு எழும்பி நிற்கும் மிஷினில்) மாட்டும் 10 அங்குல, அதாவது 254 மி.மீ. பிளேடுக்கானவை.

நாரும் பல்லும்

ஒரு தென்னந்துடைப்பத்தை இறுக்கிக் கட்டி மேசைமேல் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். நெடுக்கில் அறுக்கும்போது பல் ஈர்க்குகளுக்கு இடையே புகுந்து, அவற்றை நீள நீளமாகச் சுரண்டி எடுக்கிறது. அதற்கு உளி போன்ற தட்டையான பல் போதும். ஆனால் சுரண்டிய சீவல் தங்க இடம் வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பெரிய குழி இல்லாவிட்டால் சீவல் அங்கேயே அடைத்துக்கொண்டு, மரத்தோடு உரசிச் சூடேறும்.

குறுக்கே அறுக்கும்போது கதை வேறு. ஒவ்வொரு ஈர்க்கையும் இரண்டு பக்கமும் கத்திபோல் கீறி, நடுவில் இருக்கும் துணுக்கை வெளியே தள்ள வேண்டும். ஒரு பல் இடப்பக்கம் கூர், அடுத்த பல் வலப்பக்கம் கூர் என்று மாறி மாறிச் சாய்த்துத் தீட்டியிருப்பது இதற்காகத்தான். பட்டியலில் இதை ஏ.டி.பி. என்று போடுவார்கள். பல் வெளியேறும் பக்கத்தில் இருக்கும் கடைசி ஈர்க்குகளுக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இருக்காது. அவை அறுபடுவதற்கு முன்பே பிய்ந்து தொங்கும். சிராய் எழும்புவது அங்கேதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிளேடு நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றுகிறது. மரத்தை நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறீர்கள். 24 பல் பிளேடில் ஒவ்வொரு பல்லுக்கும் விழும் பங்கு 0.035 மி.மீ. 60 பல் என்றால் 0.014 மி.மீ. 80 பல் என்றால் 0.010 மி.மீ. தலைமுடியின் கனம் சுமார் 0.07 மி.மீ. அப்படியென்றால் 24 பல் பிளேடு அரை முடி கனத்துக்குச் சீவுகிறது. 80 பல் பிளேடு ஏழில் ஒரு பங்கு முடி கனம்தான் எடுக்கிறது. அவ்வளவு மெல்லிசாகப் போனால் பல் மரத்தைச் சீவுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்கிவிடும். தேய்த்தால் சூடு, சூட்டில் பிசின் உருகிப் பல்லில் ஒட்டும், ஒட்டியது இன்னும் தேய்க்கும். ஓரத்தில் தெரியும் அந்தக் காப்பிக் கலர் கோடு இப்படித்தான் வருகிறது. வேகமாகத் தள்ளினால் பங்கு கூடும் என்பது உண்மைதான். ஆனால் 80 பல்லின் சின்னக் குழிகள் அந்தச் சீவலைக் கொள்ளாது, 2 எச்.பி. மோட்டாரும் தாங்காது.

இதைக் கையாலேயே சோதிக்கலாம். அறுத்து முடித்ததும் மேசைக்கு அடியில் விழுந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நெடுக்கறுப்பில் ரவை போல நறநறவென்று, நடுநடுவே சுருள் சுருளாகச் சீவலும் கலந்திருந்தால் பல் தன் வேலையைச் செய்கிறது. கோதுமை மாவு போல வழுவழுவென்று இருந்து, கையில் லேசாகச் சூடும் தெரிந்தால், பல் மழுங்கியிருக்கிறது. இல்லையென்றால் அந்த வேலைக்குப் பல் அதிகம்.

24 பல்

தட்டைத் தலைப் பல், முன்சாய்வு (பல் மரத்தை நோக்கி முன்னால் சாய்ந்திருக்கும் அளவு) சுமார் 20 டிகிரி, ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 33 மி.மீ. இடைவெளி. இது நெடுக்கறுப்புக்கென்றே பிறந்தது. 75 மி.மீ. கனமுள்ள வாசக்கால் கட்டையைக் கிழிக்கும்போது பிளேடை மரத்துக்கு மேல் 5 மி.மீ. தூக்கி வைத்தால், எந்த நேரத்திலும் மூன்று நான்கு பல் மட்டுமே மரத்துக்குள் இருக்கும். அதே கட்டையில் 80 பல் பிளேடு போட்டால் பதினொன்று, பன்னிரண்டு பல் உள்ளே மாட்டிக்கொண்டு மோட்டாரை இழுக்கும்.

24 பல் என்றால் முரட்டு அறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கை மிஷினோடு பெட்டியில் வரும் மலிவான 24 பல் பிளேடைப் பார்த்துவிட்டு வந்த எண்ணம் அது. ஒழுங்காகத் தீட்டிய, ஆட்டம் இல்லாத 24 பல் பிளேடு நெடுக்கில் விடும் ஓரம், இழைப்புளியை இரண்டு தடவை ஓட்டினால் பசை போட்டு ஒட்டும் அளவுக்கு இருக்கும். குறுக்கே மட்டும் போடவே கூடாது. வேம்புப் பலகையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: பின்பக்க விளிம்பில் விரல் நீளச் சிராய் எழுந்து நிற்கும், அதைப் பிடித்து இழுத்தால் பலகையின் முகத்திலிருந்தும் ஒரு பட்டை உரிந்து வரும்.

40 பல், 50 பல்

இரண்டுக்கும் பொதுவாகச் செய்தவை. 40 பல்லில் ஏ.டி.பி. தீட்டல், முன்சாய்வு சுமார் 15 டிகிரி, பல் இடைவெளி 20 மி.மீ. 50 பல் பிளேடு கொஞ்சம் வேறு மாதிரி. நான்கு சாய்ந்த பல், ஒரு தட்டைப் பல் என்று ஐந்தைந்தாகப் பத்துக் கட்டு இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே ஒரு பெரிய குழி. சீவல் அங்கே தங்கும். கிடைத்தால் 40ஐ விட இந்த 50 மேல்.

ஒரே ஒரு பிளேடுதான் வாங்க முடியும் என்கிறவருக்கு இதுதான் சரி. 25 மி.மீ. பலகை வரை நெடுக்கிலும் குறுக்கிலும் மனம் கோணாமல் வேலை செய்யும். ஆனால் "எல்லாத்துக்கும் இது போதும்" என்று கடையில் சொல்வதை நம்பி 75 மி.மீ. வேங்கைக் கட்டையில் இறக்கினால் கரியும். குறுக்கறுப்பிலும் மேசை விளிம்புக்கு வேண்டிய சுத்தம் வராது. உப்புத்தாள் தேய்க்க வேண்டியிருக்கும். பட்டறையில் தினமும் வேலை நடக்கிறது என்றால் ஒரு 40க்குப் பதில் 24 ஒன்றும் 60 ஒன்றும் வாங்குவதே நல்லது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட ஐந்து நிமிடம் ஆகும். கரிந்த ஓரத்தைச் சுரண்டி எடுக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும். பிளேடும் பாதி வேலையே செய்வதால் கூர் அதிக நாள் நிற்கும்.

60 பல்

வைர மரத்தைக் குறுக்கே அறுக்க நாங்கள் சொல்வது இதைத்தான். ஏ.டி.பி. தீட்டல், பல் தலையின் சாய்வு 15 டிகிரி, முன்சாய்வு 10 டிகிரி அளவில் இருக்கட்டும். 50 மி.மீ. கனமுள்ள மரத்தில் ஆறு பல் உள்ளே இருக்கும். குறுக்கறுப்புக்கு ஐந்து முதல் ஏழு பல் உள்ளே இருந்தால் போதும் என்பது தச்சு வேலையில் பழக்கத்தில் உள்ள கணக்கு. முன்சாய்வு குறைவாக இருப்பதால் பல் மரத்தைத் தன் பக்கம் இழுக்காது, நிதானமாக அறுக்கும்.

60 பல்லில் அறுத்த தேக்கின் குறுக்கு முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரியும். துளைகள் அடைபடாமல் திறந்திருக்கும். கழுந்தின் (துளைக்குள் நுழையும் நாக்கின்) தோள் இப்படி வந்தால்தான் பொருத்துவாயில் இடைவெளி தெரியாது.

80 பல்

பிளைவுட், வினீர் ஒட்டிய பலகை, மெல்லிய பீடிங், மைட்டர் சாவில் (பிளேடை மேலிருந்து மரத்தின்மேல் இறக்கும் மிஷினில்) 45 டிகிரி மூலை வெட்டு ஆகியவற்றுக்கு 80 அருமையான பிளேடு. வைர மரத்திலும் 25 மி.மீ. கனம் வரை குறுக்கே நன்றாக ஓடும். அதற்கு மேல் கனமான மரத்தில், சின்ன மோட்டாரில், 60ஐ விடச் சுத்தமாக வராது. முகம் கரியத் தொடங்கும். மைட்டர் சாவுக்கு வாங்கினால் முன்சாய்வு 5 டிகிரியோ, மைனஸ் 5 டிகிரியோ உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். டேபிள் சாவுக்கான 15, 20 டிகிரிச் சாய்வுப் பல்லை மைட்டர் சாவில் போட்டால், பிளேடு மரத்தின்மேல் ஏறிக் கையை நோக்கி வரப் பார்க்கும்.

மூன்று சீவல் பல், பழைய எஃகு பிளேடு

டி.சி.ஜி. என்று போட்டிருக்கும் பிளேடில் ஒரு பல் இரண்டு மூலையும் சீவியதாகக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அடுத்தது தட்டையாகத் தாழ்ந்திருக்கும். உயர்ந்தது நடுவில் கோடு போட, தாழ்ந்தது ஓரங்களைத் துடைக்கும். மைக்கா ஷீட், எம்.டி.எஃப்., அலுமினியம் ஆகியவற்றுக்கு இதுதான் ஏற்றது. வைர மரத்தில் இதன் கூர் ஏ.டி.பி.யை விட அதிக நாள் நிற்கும். ஏனென்றால் இதில் உடைவதற்கு மெல்லிய முனை இல்லை. ஆனால் குறுக்கறுப்பின் விளிம்பு ஏ.டி.பி. அளவுக்கு வராது. சுத்தம்தான் முதல் என்றால் இதை விடலாம்.

கார்பைட் இல்லாத எஃகு பிளேடை இன்னும் சில பட்டறைகளில் அரம் போட்டுப் பயன்படுத்துகிறார்கள். பல்லை இருபக்கமும் வளைத்துச் செட் போடுவதால் அறுத்த முகம் கோடு கோடாக இருக்கும். தேக்கில் சிலிக்கா உண்டு. எஃகுப் பல்லை அது சீக்கிரம் மழுங்கடிக்கும். சுத்தமான அறுப்புக்கு இந்த பிளேடு ஆகாது. வேறு ஒரு வேலைக்கு மிகவும் உதவும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அறுப்பின் அகலமும் மோட்டாரின் பலமும்

பல் எண்ணிக்கைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, பிளேடு எவ்வளவு அகலத்துக்கு மரத்தைத் தின்கிறது என்பது. முழு அகல பிளேடு 3.2 மி.மீ. எடுக்கும், மெல்லிய பிளேடு 2.4 மி.மீ. ஒவ்வொரு அறுப்பிலும் கால் பங்கு மரம் குறைவாகத் தூளாகிறது. மோட்டாருக்கும் அந்த அளவு பாரம் குறைகிறது. சிங்கிள் ஃபேஸில் ஓடும் 2 எச்.பி. டேபிளுக்கு மெல்லியதே நல்லது. கிராமத்துப் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் இடங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மெல்லிய பிளேடுக்கு ஒரு குறை உண்டு. தகடு 1.6, 1.8 மி.மீ. கனமே இருப்பதால் சூடேறினால் நெளியும். கனமான வேங்கைக் கட்டையில் நெளிந்த பிளேடு அலை அலையாக அறுக்கும். 3 எச்.பி.க்கு மேல், த்ரீ ஃபேஸ் இணைப்பு உள்ள பட்டறை என்றால் 3.2 மி.மீ. பிளேடே வாங்குங்கள்.

பிளேடை மாற்றும்போது அதன் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தியையும் அளந்து பாருங்கள். அது பிளேடின் தகட்டை விடக் கனமாகவும், அறுப்பு அகலத்தை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். 2.4 மி.மீ. பிளேடுக்குப் பின்னால் பழைய 2.5 மி.மீ. கத்தியை விட்டுவைத்தால், பாதி வழியில் மரம் சிக்கி நின்றுவிடும். சிக்குகிறதே என்று பலர் கத்தியைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சரியாக உலராத மரம், அறுத்த வாயை மூடிக்கொண்டு பிளேடைப் பின்பக்கத்திலிருந்து பிடிக்கும். பிடித்தால் மரம் ஆளை நோக்கிப் பறந்து வரும். அந்த வாயைத் திறந்து வைத்திருப்பது அந்தக் கத்திதான்.

உள்ளூர் லேத்தில் செய்த பெல்ட் டேபிள்கள் இந்தப் பக்கம் நிறைய. அவற்றில் பிளேடைக் குறை சொல்லுமுன் சுற்று வேகத்தைக் கணக்குப் போட வேண்டும். மோட்டார் சுற்றை மோட்டார் கப்பியின் விட்டத்தால் பெருக்கி, ஸ்பிண்டில் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் பிளேடின் சுற்று வரும். 1,440 ஆர்.பி.எம். மோட்டாரில் 150 மி.மீ. கப்பி, ஸ்பிண்டிலில் 60 மி.மீ. கப்பி என்றால் 3,600. பல் முனை விநாடிக்கு 48 மீட்டர் வேகத்தில் ஓடும்; நல்ல வேகம். அதே மோட்டாரை நேராக ஸ்பிண்டிலோடு இணைத்திருந்தால் முனை வேகம் விநாடிக்கு 19 மீட்டர்தான். எந்த உயர்ந்த பிளேடைப் போட்டாலும் பிசிறுதான் வரும். பிளேடு மாற்றுவதைவிடக் கப்பி மாற்றுவது மலிவு.

கை மிஷின்

வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவர்களிடம் 7¼ அங்குல, அதாவது 185 மி.மீ. மிஷின் இருக்கும். பெட்டியில் வந்த 24 பல் பிளேடை நெடுக்கறுப்புக்கு வைத்துக்கொண்டு, குறுக்கறுப்புக்கு 40 பல் மெல்லிய பிளேடு ஒன்று வாங்கினால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். விட்டம் சின்னதாக இருப்பதால் இதில் 40 பல்லே நெருக்கமாக வந்துவிடுகிறது, இடைவெளி 14.5 மி.மீ.தான். 10 அங்குலத்தில் 55 பல் போட்டதற்குச் சமம். கதவுப் பலகை மேல்பக்கம், ஜன்னல் சட்டம் போன்ற நல்ல முக வேலைக்கு 60 போடலாம்.

4 அங்குலக் கட்டரில் 110 மி.மீ. பிளேடு போட்டு மரம் அறுப்பது இங்கே சர்வசாதாரணம். மரத்துக்கென்று பாதமும் மேல்மூடியும் வைத்துச் செய்த மிஷினாக இருந்தால், 30 மி.மீ. கனம் வரை அறுக்கலாம். ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடு மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது 11,000, 12,000 சுற்றில் ஓடும். மரத்தின்மேல் உட்காரப் பாதமும் கிடையாது. கணு ஒன்றில் பல் மாட்டினால் மிஷின் கையிலிருந்து துள்ளிக் கழுத்துப் பக்கம் போகும். எந்த பிளேடின் தகட்டிலும் அதிகபட்சச் சுற்று அச்சிட்டிருக்கும். மிஷினின் சுற்று அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

நம் பக்கத்து மரங்கள்

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, சிலிக்காவும் உண்டு. சுத்தமாக அறுபடும். ஆனால் பிளேடை வேகமாகத் தேய்க்கும். தேக்கு மட்டுமே அறுக்கிறவர் நல்ல கார்பைடுக்குக் காசு கொடுக்கத் தயங்கக் கூடாது. வேங்கையும் வேம்பும் பின்னல் நார் மரங்கள். ஓர் அடுக்கு நார் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு மறுபக்கம் சாயும். எந்தத் திசையில் அறுத்தாலும் ஏதாவது ஓர் அடுக்கு எதிர்நாராகத்தான் இருக்கும். இவற்றில் கூர் மழுங்கிய 80 பல்லை விடக் கூரான 60 பல் நூறு மடங்கு மேல். கருவேலம், புளி இரண்டும் இறுகிய மரம். மெதுவாகத் தள்ளினால் உடனே கரியும். குடியாத்தம், ஆரணிப் பக்கம் தறிச் சட்டத்துக்கு இப்படி இறுகிய கட்டையைத் துண்டு போடும்போது பிளேடு புதுக்கூராக இருக்க வேண்டும், இடையில் நிறுத்தாமல் ஒரே சீராகத் தள்ள வேண்டும். கோங்கு வாசக்கால் கட்டைக்கு 24 பல்தான். பலாவும் பூவரசும் இவ்வளவு சோதிக்காது.

எந்த மரமானாலும் உலர்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த கொட்டகையில் கிடந்த கட்டையை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்தால், எந்த பிளேடிலும் வழுவழுப்பான முகம் வராது. ஈர நார் அறுபடாமல் பஞ்சு போல எழும்பி நிற்கும்.

கடையில் பார்த்து வாங்க

பெட்டியில் எழுதியிருப்பதை விடப் பல்லைப் பாருங்கள். கார்பைட் துண்டு பக்கவாட்டில் கனமாக, 3 மி.மீ. அளவுக்கு இருந்தால் நான்கைந்து முறையாவது சாணை பிடிக்கலாம். நகக் கீற்று போல மெல்லிய துண்டு ஒட்டிய மலிவு பிளேடு ஒரு சாணையோடு முடிந்துவிடும். பற்றவைத்த இடத்தில் பித்தளைக் கோடு சீராக, ஓட்டையில்லாமல் ஓட வேண்டும். தகட்டில் லேசரால் வெட்டிய வளைந்த பிளவுகள் இருந்தால் நல்லது. சூட்டில் தகடு விரிய அவை இடம் கொடுக்கும், சத்தமும் குறையும்.

நடு ஓட்டை சரியாகப் பொருந்த வேண்டும். 20, 25.4, 30 மி.மீ. என்று பல அளவு உண்டு. 30 மி.மீ. ஓட்டையுள்ள பிளேடை 25.4 மி.மீ. ஸ்பிண்டிலில் போட, அதற்கென்று கடைந்த வளையம் தேவை. அட்டையோ தகரமோ சுற்றி மாட்டினால் பிளேடு மையம் விலகிச் சுற்றும். 60 பல்லில் பத்துப் பல் மட்டும் வேலை செய்து, மற்றவை சும்மா சுற்றும்.

பிளேடு மேல் பழி போடுமுன்

நல்ல பிளேடு வாங்கியும் அறுப்பு சரியில்லை என்றால் மிஷினைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடை இருபக்கமும் பிடிக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சைக் கழற்றித் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துளி பிசின், பிளேடின் விளிம்பில் பல மடங்காக ஆட்டம் காட்டும். டயல் கேஜ் இருந்தால் விளிம்பாட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். மரத்தை அணைத்துத் தள்ளும் ஃபென்ஸ், பிளேடுக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் முடியளவு விலகியிருந்தால் தப்பில்லை; பின்பக்கம் நெருங்கியிருந்தால் மரம் பின்பல்லில் உரசிக் கரியும், எகிறவும் செய்யும்.

சிராய் வராமல் தடுக்க எந்த முகத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். டேபிள் சாவில் பல் மேலிருந்து கீழே இறங்கி வருவதால் நல்ல முகம் மேலே. கை மிஷினில் பல் கீழிருந்து மேலே ஏறுவதால் நல்ல முகம் கீழே. மைட்டர் சாவில் நல்ல முகம் மேலே. அடியிலும் பின்னாலும் ஒரு தாங்கு பலகை வையுங்கள். டேபிளில் பிளேடு வெளியே வரும் வாய்த்தகட்டின் பிளவு அகலமாக இருந்தால், 6 மி.மீ. பிளைவுட்டை அதே அளவுக்கு வெட்டி, நன்றாகப் பிடித்துக் கட்டி, ஓடும் பிளேடை மெல்ல மேலே ஏற்றி அதிலேயே வாய் திறந்துகொள்ளுங்கள். இடைவெளி இல்லாத அந்த வாய், வேம்புப் பலகையின் அடிமுகச் சிராயைப் பெருமளவு நிறுத்திவிடும். இன்னும் சுத்தம் வேண்டுமென்றால் அறுக்கும் கோட்டைக் கூரான கத்தியால் ஒரு மி.மீ. ஆழம் கீறிவிட்டு, அந்தக் கீறலின் விளிம்பில் பிளேடை ஓட்டுங்கள்.

பிசின் ஏறிய பிளேடு, மழுங்கிய பிளேடு போலவே நடந்துகொள்ளும். வெந்நீரில் துணி சோடாவைக் கரைத்து 20 நிமிடம் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் பல்லின் பக்கங்களைத் தேய்த்து, உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம்; பிளேடின் பூச்சைத் தின்றுவிடும். கழுவிய பிறகு பல்லின் முனையை விளக்குக்கு நேரே பிடியுங்கள். கூரான முனையில் வெளிச்சம் நிற்காது. முனையில் வெள்ளைக் கோடு மினுங்கினால் சாணைக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது. கத்தி தீட்டும் சாதாரணக் கல்லில் கார்பைட் தேயாது. டைமண்ட் வீல் உள்ளவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போதே "மாறி மாறிச் சாய்வு, 15 டிகிரி" என்று பிளேடின்மேல் மார்க்கரில் எழுதிக் கொடுப்பது நல்லது. எல்லாப் பல்லையும் தட்டையாகத் தீட்டி வந்துவிட்டால், குறுக்கறுப்பு பிளேடு அன்றோடு போயிற்று.

யார் எதை வாங்குவது

வாசக்கால், ஜன்னல் சட்டம் முக்கிய வேலை என்றால் காசை நல்ல 24 பல்லில் போடுங்கள். 60 பல் நடுத்தரமாக இருந்தாலும் சமாளிக்கலாம். கட்டில், பீரோ, மேசை செய்கிறவர்கள் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: 60 பல் உயர்ந்ததாக, 24 பல் சுமாராக. இந்த வேலைக்குப் பிளைவுட்டும் மைக்காவும் கூடவே வரும் என்பதால், மூன்றாவதாக ஒரு 80 பல் வாங்கி, மரத்துக்குப் போடாமல் தனியே வையுங்கள். சொந்த வீட்டுக்கு எப்போதாவது செய்கிறவருக்கு 50 பல் ஒன்றே போதும். அது கிடைக்காவிட்டால் 40.

பழைய வீடு இடித்த மரம் வாங்கி அறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாலாஜா, ஆற்காடு, ஆரணிப் பக்கத்து ஓட்டு வீடுகளிலிருந்தும் மரச் சட்டத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரைகளிலிருந்தும் வரும் தேக்குச் சட்டம் தங்கம் போன்றது. ஆனால் உள்ளே ஆணி இருக்கும், சுண்ணாம்பும் மணலும் வெடிப்புக்குள் இறுகியிருக்கும். காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், கருநீலக் கறை தெரிகிற இடத்தை உளியால் தோண்டிப் பாருங்கள், கம்பி பிரஷ்ஷால் எல்லா முகத்தையும் தேயுங்கள். அதன்பிறகும் முதல் அறுப்புக்குப் புது கார்பைட் பிளேடைப் போடாதீர்கள். ஆணியில் பட்ட கார்பைட் பல் சில்லாகத் தெறிக்கும். எஃகுப் பல் வளையும், மழுங்கும், அரம் போட்டால் திரும்பிவிடும். மேலே சொன்ன அந்தப் பழைய எஃகு பிளேடு உதவுவது இங்கேதான். கண்ணாடி அணிந்து, அதில் நான்கு முகத்தையும் 3 மி.மீ. சீவி எடுத்து, உள்ளே சுத்தமான மரம் தெரிந்த பிறகு 24 பல்லை மாட்டுங்கள். அந்த எஃகு பிளேடில் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு போட்டு, மற்ற பிளேடுகளோடு கலக்காமல் தனி ஆணியில் தொங்கவிடுங்கள்.